கோடு எடுக்கும் கருவிக்கு இனி விலை இல்லை

கேள்வி: சிப்பிகாட்டில் இருந்துகொண்டு தெற்கு அந்தமான், ரங்கத், மாயாபந்தர் பக்கத்து ஒர்க்‌ஷாப்களுக்கு கார் ஸ்கேனர் சப்ளை செய்கிறேன். முன்பு வண்டியின் பழுதுக் கோடு (code) எடுக்கும் கருவிக்கே நல்ல விலை கிடைத்தது. இப்போது சில நூறு ரூபாய் புளூடூத் கருவியை மெக்கானிக்குகளே ஆன்லைனில் வாங்கிவிடுகிறார்கள். சென்னையில் இருக்கும் மைத்துனரோடு சேர்ந்து சொந்தப் பெயரில் ஒரு ஸ்கேனர் கொண்டுவர யோசனை. தரநிலைகள் பொதுவாகிவிட்ட காலத்தில் இதில் முதல் போடலாமா?
— வாசகர், சிப்பிகாட்

பதில்: போடலாம். ஆனால் கோடு எடுக்கும் கருவியில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமான, பழுதைக் கோடாகச் சொல்லும் ஓபிடி-2 முறை, 2013 ஏப்ரலில் நம் நாட்டுக் கார்களுக்கும் வந்துவிட்டது. அந்த 16 பின் சாக்கெட்டும் ‘பி0’ என்று தொடங்கும் கோடுகளும் எல்லாருக்கும் பொது. பொதுவான ஒன்றை யாரும் செய்யலாம். விலை விழத்தான் செய்யும்.

அதற்கு மேலே உள்ள வேலைக்குத்தான் இன்னும் காசு இருக்கிறது. பிஎஸ்-6 டீசல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேருக்கும் சிப்பிகாட்டுக்குமாக மெதுவாக ஓடும் வண்டியில், புகை வடிகட்டியான டிபிஎஃப், கரி எரிய வாய்ப்பே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். ஸ்கேனர் மூலம் கட்டளை கொடுத்து எரிக்க வேண்டும். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் எண்ணை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். இவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; வெளியாருக்கு எளிதில் திறக்காது. இந்தக் கதவைத் திறக்கச் சொல்லித்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தோடு டயக்னாஸ்டிக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. இருந்தாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறதல்லவா?

அடுத்த அலையும் வந்துகொண்டிருக்கிறது. ஆசாம் என்ற தரநிலை அமைப்பு 2022-ல் வெளியிட்ட எஸ்ஓவிடி முறையில், வண்டியோடு பேச இணையதளங்கள் பயன்படுத்தும் அதே வழியே போதும். அது பரவினால் சாதாரண டேப்லெட்டே ஸ்கேனராகிவிடும். ஆகவே பெட்டி செய்வதில் முதலை முடக்காதீர்கள். கிடைக்கிற நல்ல பெட்டியை வாங்கி, உங்கள் மென்பொருளை ஏற்றுங்கள்.

அந்த மென்பொருளில் என்ன இருக்க வேண்டும்? ஒரு கோடை மட்டும் சொல்கிறேன். பி0113, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைக் காட்டும் சென்சாரின் கோடு. ஸ்கேனரில் பார்த்தால் சிப்பிகாட்டின் கொளுத்தும் வெயிலில் ‘மைனஸ் 40 டிகிரி’ என்று இருக்கும். பாதி மெக்கானிக்குகள் உடனே புது சென்சாருக்குச் சொல்லிவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருப்பார்கள். சென்சார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். வெப்பம் சட்டென்று உச்சத்துக்கு ஏறினால் வயரிங் நன்றாக இருக்கிறது. சென்சாரையோ அதன் பின்னையோ சந்தேகிக்கலாம். மைனஸ் 40-லேயே நின்றால் வயர் அறுந்திருக்கிறது. உப்புக்காற்று படும் ஊரில் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனையைப் படத்தோடு தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் படிப்படியாகச் சொல்லும் ஸ்கேனருக்கு எந்த மலிவுக் கருவியும் போட்டியாகாது. தீவு மெக்கானிக்கின் இரண்டு வாரத்தை மிச்சப்படுத்துகிறீர்கள். அதற்கு அவர் மனமாரப் பணம் தருவார்.

ஒரு எச்சரிக்கை. புது வண்டிகளில் பல வேலைகளுக்குக் கம்பெனி சர்வரில் லாகின் செய்து அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில் வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் ஷெட்டுக்குள் சிக்னல் எப்போதும் நிற்பதில்லை. நெட் இல்லாமலும் சோதனைப் படிகள் ஓட வேண்டும். மைத்துனரிடம் முதல் நாளே இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வருடச் சந்தாவும் இங்கே எடுபடாது. மாதம் ஐந்தாறு வண்டி பார்ப்பவரிடம் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். சாக்கெட் கேபிள் அடிக்கடி அறும். சிப்பிகாட் கடையில் எப்போதும் பத்து கேபிள் இருக்கட்டும். கோடு எடுக்கும் கருவிகளுக்கு ஆர்டர் ஏதும் கொடுத்திருந்தால், அடுத்த கப்பலில் ஏறுவதற்குள் நிறுத்திவிடுங்கள்.