பழைய எம்டிபி-யா, புது எம்டிபி-யா? கணக்கு போட்டுப் பார்த்திடலாம்

ஆத்தூர்ல இருந்து திருச்செந்தூர் ரோட்டுல காலையில சைக்கிள் மிதிக்கணும். 35,000 ரூபாய்க்குப் புது எம்டிபி எடுக்கலாமா, இல்ல வீட்ல கிடக்கிற பழைய ஹெர்குலிஸ் எம்டிபி போதுமா?

பழசுல இரும்பு ஃபிரேம், 26 இன்ச் வீல், ரிம் பிரேக். புதுசுல அலாய் ஃபிரேம், 29 இன்ச் வீல், முன்னாடி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். மழையில டிஸ்க் பிரேக் நிஜமாவே மேல், அதுல சந்தேகமே இல்ல. ஆனா சஸ்பென்ஷன் மலைப்பாதைக்குன்னு செஞ்சது. நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு? சமதள ரோட்டுல அது எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்துலயும் கொஞ்சம் தின்னுடும்.

பழசுக்கு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, ஓவராயில் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்னு வைங்க. மிச்சம் 31,000.

2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு, உண்மைதான். ஆனா கிரெடிட் கார்டு ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ல பிராசஸிங் ஃபீஸும், வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் தனியா வரும். பில்லைப் பாருங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க, இது உப்புக்காத்து ஊர். செலவு பண்றதுக்கு முன்னாடி சீட் கம்பியை உருவி, குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பெடல் அச்சுக்குப் பக்கத்துல துரு தின்னு ஓட்டை விழுந்திருந்தா, அந்த 4,000-ஐ அதுல போடாதீங்க.