வாய் பிளக்கும் மயிலுக்கெல்லாம் தொண்டைப் புழுவா?

காரியாபட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். சித்திரை மாதம், பகல் இரண்டு மணி. சீமைக்கருவேல நிழலில் பெண்மயில் ஒன்று அலகைப் பிளந்தபடி நின்றது. தொண்டைத் தோல் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பஞ்சாரத்தைத் தூக்கிக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அப்பத்தா அதைப் பார்த்ததும் குச்சியை ஓங்கினார்.

“அதுக்குத் தொண்டையில புழு தம்பி. இங்க வந்து எச்சம் போட்டுப் போட்டுத்தான் என் குஞ்சுகளும் கொர் கொர்ங்குது.”

முதல் நாள் இரவு ஒரு குஞ்சு செத்திருந்தது. இன்னும் இரண்டு தலையைத் தொங்கப்போட்டு நின்றன. பறவைகளின் மூச்சுக்குழலில் குடியிருக்கும் புழு என்று ஒன்று இருப்பது உண்மை. அது எச்சம் வழியாகப் பரவுவதும் உண்மை. ஆனால் அந்த மயிலுக்கு இருந்தது அதுவா, அந்தக் குஞ்சு செத்தது அதனாலா என்பது வேறு கேள்வி. இந்தப் பக்கத்து ஊர்களில் காதில் விழும் ஆறு நம்பிக்கைகளை வரிசையாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வாயைப் பிளந்து நின்றால் தொண்டையில் புழு.

உண்மை: பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெயில் ஏறினால் அலகைத் திறந்து, தொண்டைத் தோலை வேகமாக அசைத்து, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மயில், கோழி, காகம், மைனா எல்லாம் மே மாதத்தில் இப்படித்தான் நிற்கும். சில பறவைகள் இறக்கையையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்திருக்கும்.

புழு இருக்கும் பறவையின் வாய்பிளப்பு வேறு மாதிரி. அது வெயில் ஏறாத விடியற்காலையிலும் வாயைப் பிளக்கும். கழுத்தை நீட்டி ஒரு இழுப்பு இழுக்கும், தலையை வெடுக்கென்று உதறும், இருமுவதுபோல் ஒரு சத்தம் வரும். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் இழுக்கும். வெயிலில் இளைக்கும் பறவையை நிழலில் விட்டுத் தண்ணீர் வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். புழு உள்ளது மூடாது.

நம்பிக்கை 2: அந்தப் புழு மூச்சுக்காற்றோடு உள்ளே போகிறது.

உண்மை: அது போவது இரைப்பை வழியாக. புழு மூச்சுக்குழலில் இருந்துகொண்டு முட்டை போடும். பறவை இருமும்போது முட்டை வாய்க்கு ஏறும், அதை விழுங்கிவிடும், எச்சத்தோடு மண்ணுக்கு வந்துவிடும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டைக்குள் குட்டிப்புழு தயாராகிவிடும். அதை இன்னொரு பறவை நேராகக் கொத்தலாம். இல்லை, அதைத் தின்ற மண்புழுவையோ நத்தையையோ கொத்தலாம். மண்புழுவின் உடம்புக்குள் குட்டிப்புழு ஆண்டுக்கணக்கில் உயிரோடு சுருண்டு கிடக்கும்.

பறவையின் வயிற்றுக்குள் போன பிறகு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்குழலுக்கு ஏறும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அதுவும் முட்டை போடத் தொடங்கிவிடும்.

அங்கே அது இருக்கும் கோலமே தனி. பெண்புழு இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் அதில் கால்வாசி இருந்தால் பெரிது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சாகிறவரை பிரிவதில்லை. குழலைக் கீறிப் பார்த்தால் பையன்கள் ஓணான் அடிக்கும் கவட்டையைச் சிறிதாக்கி, சிவப்பு நூலில் செய்து வைத்தது போலிருக்கும். இரத்தம் குடிப்பதால் வந்த சிவப்பு அது. குஞ்சின் மூச்சுக்குழல் இளநீர்க்கடைக் குழலைவிடச் சன்னம். அதில் நாலைந்து கவட்டைகளும் சளியும் சேர்ந்தால் காற்றுக்கு வழி ஏது?

இந்தப் புழுவை விவரித்த முதல் கட்டுரை 1799இல் அச்சானது. அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த வீசன்தால் என்ற மருத்துவர், கோழியிலும் வான்கோழியிலும் கண்டதை எழுதினார். இன்று அதன் பெயர் சின்காமஸ் டிராக்கியா.

நம்பிக்கை 3: வறண்ட பூமியில் புழு நிற்காது.

உண்மை: பாதி சரி. சுள்ளென்ற வெயிலும் காய்ந்த மண்ணும் முட்டைக்கு ஆகாது. ஆனால் முட்டைக்கு வேண்டியது ஒரு ஊரளவு ஈரமல்ல, ஒரு முழ ஈரம். பாத்திரம் கழுவும் இடம், தொழுவத்து மூலை, குப்பைமேட்டு அடி, தண்ணீர்த் தொட்டி ஒழுகும் இடம் என்று எந்த வீட்டிலும் நாலு இடம் ஆண்டு முழுக்க நசநசவென்று இருக்கும். கோழி கிளறுவதும் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்புழு மேலே வரும்போது வாசல் முழுவதுமே விருந்து.

நம்பிக்கை 4: மயில்தான் கொண்டுவருகிறது, விரட்டினால் தீரும்.

உண்மை: மயில், காகம், மைனா போன்ற காட்டுப் பறவைகளிடமும் இந்தப் புழு வாழும். அவை கோழி மேயும் இடத்தில் எச்சம் போட்டால் ஆபத்து உண்டுதான். ஆனால் பாதை ஒருவழி இல்லை. நம் கோழியின் எச்சத்திலிருந்து மயில்குஞ்சுக்கும் போகும். மயிலைக் கைகாட்டுமுன் கொட்டகைக்குள் பாருங்கள். வான்கோழியும் நாட்டுக்கோழியும் ஒன்றாகத் திரிகின்றனவா? வளர்ந்த வான்கோழி புழுவைச் சுமந்துகொண்டு நோவே இல்லாததுபோல் உலவும். அதன் எச்சத்தைக் கிளறும் கோழிக்குஞ்சுதான் வாயைப் பிளக்கும். இரண்டையும் தனித்தனியே வளர்ப்பது பழகிய பண்ணைக்காரர்களின் முதல் விதி.

மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு விஷம் வைப்பது குற்றம். வைத்தாலும் மண்ணில் கிடக்கும் முட்டை சாகப்போவதில்லை.

நம்பிக்கை 5: இறகை எண்ணெயில் நனைத்துத் தொண்டைக்குள் விட்டுச் சுழற்றினால் புழு வந்துவிடும்.

உண்மை: பழைய ஆங்கிலேயக் கோழிப் புத்தகங்களும் டர்பன்டைனில் தோய்த்த இறகைத்தான் சொல்லிக்கொடுத்தன. ஆண்புழு குழலின் சவ்வைக் கவ்விப் பிடித்திருக்கும். இழுத்தால் சவ்வு கிழியும், இரத்தம் கசியும், எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கும். ஏற்கனவே மூச்சுக்குத் திணறும் குஞ்சு கையிலேயே போய்விடும். ஃபென்பெண்டசோல் போன்ற புழுமருந்து இதற்கு நன்றாகவே கேட்கும். அளவை மட்டும் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். மருந்து கொடுத்தபின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் ஒதுக்கி வைப்பது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 6: கோழியிடமிருந்து நமக்கும் தொற்றிவிடும்.

உண்மை: இது பறவைகளின் புழு, மனிதரைப் பிடிக்காது. மாடு, எருமைகளின் தொண்டையில் வாழும் இதன் உறவுக்காரப் புழு ஒன்று அரிதாக மனிதருக்குத் தொற்றி விடாத இருமலைத் தந்ததுண்டு. அப்படிப்பட்டவை பெரும்பாலும் கரீபியன் பகுதியில் பதிவானவை. அதற்கும் உங்கள் கோழிக்கும் சம்பந்தமில்லை.

சரி, அப்பத்தாவின் குஞ்சுக்கு என்ன? செத்த குஞ்சைப் பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனோம். மருத்துவர் கத்தரிக்கோலால் மூச்சுக்குழலை நீளவாக்கில் வெட்டித் திறந்தார். சிவப்பு நூல் ஒன்றுகூட இல்லை. உள்ளே சளியும் இரத்தக் கசிவும். “எச்சம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். பச்சையும் வெள்ளையுமாக என்றார் அப்பத்தா. “தடுப்பூசி போட்டீங்களாம்மா?” அதற்குப் பதில் இல்லை.

ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் அது. வைரஸ் நோய். கொர்கொர் இழுப்பும் வாய்பிளப்பும் இதிலும் வரும். அம்மை தொண்டைக்குள் இறங்கினாலும் வரும், நாள்பட்ட சளி நோயிலும் வரும். புழுமாத்திரை இவற்றில் ஒன்றுக்கும் கேட்காது. புழு என்று நாமே முடிவு கட்டி மாத்திரை போட்டுக் காத்திருக்கும் நாலு நாளில் வெள்ளைக்கழிச்சல் பஞ்சாரத்தையே காலி செய்துவிடும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது.

இனி ஒரு பறவை வாயைப் பிளந்தால் முதலில் நிழல் காட்டுங்கள். விடியற்காலையில் ஒருமுறை பாருங்கள். எச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எச்சத்தைப் பொட்டலம் கட்டி மருந்தகத்தில் கொடுங்கள், நுண்ணோக்கியில் புழுமுட்டை தெரிந்துவிடும். ஓங்கிய குச்சியைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள். தண்ணீர்த் தொட்டியடியில் நசநசக்கும் அந்த ஒரு முழ மண்ணைக் கொத்தி வெயில் காட்டுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்?