அரைத் தாங்கி என்று முள் சொன்னது

சிம்கோ ஏரியில் எங்கள் படகு நின்றபோது மாலை ஆறரை மணி. ஜோர்ஜினா தீவுப் பக்கம் மீன் பிடித்துவிட்டு கெஸ்விக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். போக 20 கிலோமீற்றர், வர 20. எஞ்சின் இரண்டு முறை இருமி அடங்கியது. ஸ்னேக் தீவு கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. வடமேற்கிலிருந்து காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

மகள்தான் முதலில் கேட்டாள். "அப்பா, முள் அரைவாசி காட்டுது. பிறகேன் எஞ்சின் நிண்டது?"

அவள் சொன்னது சரி. முள் அரைக்குச் சற்றுக் கீழே நின்றது. காலையில் புறப்பட்டபோதும் அது அதே இடத்தில்தான் நின்றது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 90 லீற்றர் தாங்கியில் 40 லீற்றராவது இருக்கும் என்று எண்ணி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். நங்கூரம் போட்டு, எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கிறோமா என்று பார்த்து, கையை அசைத்துக்கொண்டு இருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு முதிய தம்பதி தங்கள் படகில் கயிறு கட்டி எங்களை இழுத்து வந்தார்கள்.

அந்த வசந்த காலத்தில்தான் ஒரு திருத்தகத்தில் 210 டொலர் கொடுத்துப் பெற்றோல் மானியைப் புதிதாக மாற்றியிருந்தேன். புது மானியின் முள் ஓட்டத்தில் இலேசாக ஆடியதால், அது வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன். கெட்டுப்போகாத ஒன்றுக்குப் பணம் கொடுத்தேன் என்பது பின்னர் தெரிந்தது.

மின் வேலை செய்யும் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, இனிச் சாமான் ஒண்டும் மாத்தாதேங்கோ. முதல்ல எது பிழையெண்டு பாருங்கோ" என்றான். அடுத்த சனிக்கிழமை அவனோடு சேர்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிழை இருக்கக்கூடிய மூன்று இடங்கள்

பெரும்பாலான சிறு படகுகளின் பெற்றோல் மானி மிக எளிமையானது. தாங்கிக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது அதோடு சேர்ந்த கருவியின் மின்தடை மாறுகிறது. கடைகளில் இந்தக் கருவியை 'சென்டர்' என்று கேட்க வேண்டும். அந்தத் தடையை ஒரு வயர் முன்பலகைக்குக் கொண்டுபோகிறது. மானி அதை முள்ளின் அசைவாகக் காட்டுகிறது. ஆகவே பிழை இருந்தால் மானியில், வயரில், சென்டரில் என்று மூன்றே இடங்கள்.

வட அமெரிக்கப் படகுகளில் தாங்கி வெறுமையானால் 240 ஓம், அரையில் ஏறத்தாழ 103 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறை இதற்கு எதிரானது: வெறுமைக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். ஒரு முறையின் மானிக்கு மற்ற முறையின் சென்டரை வாங்கிப் பொருத்தினால் வாழ்நாள் முழுவதும் பொய்தான் காட்டும். வாங்கும்போது பெட்டியில் இந்த எண்களைப் பாருங்கள்.

பத்து நிமிடச் சோதனை

மானியின் பின்புறம் மூன்று முனைகள் உண்டு. 'ஐ' என்பது சாவியிலிருந்து வரும் மின்சாரம், வழக்கமாக ஊதா வயர். 'ஜி' என்பது எர்த், கறுப்பு வயர். 'எஸ்' என்பது சென்டரிலிருந்து வரும் வயர், இளஞ்சிவப்பு. பழைய படகுகளில் யாராவது நிறம் மாற்றிப் போட்டிருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

முதலில் 'எஸ்' முனையிலிருந்து இளஞ்சிவப்பு வயரைக் கழற்றிச் சாவியைத் திருப்புங்கள். வட அமெரிக்க மானியில் முள் வெறுமைக்கு விழ வேண்டும். பின்பு சாவியை நிறுத்தி, 'எஸ்' முனையையும் 'ஜி' முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து மீண்டும் திருப்புங்கள். முள் நிறைவைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் மானியில் பிழை இல்லை. நடக்காவிட்டால் 'ஐ' முனைக்கு 12 வோல்ற் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மானியைச் சந்தேகியுங்கள். என் படகில் இரண்டும் சரியாக நடந்தன.

அடுத்து, கழற்றிய வயரை மானியில் திரும்பப் பூட்டிவிட்டு, அதே சோதனையைத் தாங்கியின் பக்கத்தில் செய்ய வேண்டும். இங்கே அவசரம் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். படகைத் திறந்த வெளியில் நிறுத்தி, மூடிகளைத் திறந்து, ஆவி மணம் முற்றாகப் போகும்வரை காத்திருந்தோம். சாவி நிறுத்தியிருக்கும்போதே இளஞ்சிவப்பு வயரைச் சென்டரிலிருந்து கழற்றி, சென்டரின் கறுப்பு எர்த் வயரோடு கிளிப் வயரால் இணைத்தோம். அதன் பிறகு, விலகி நின்று சாவியைத் திருப்பினோம். மின்சாரம் ஓடும்போது தாங்கிக்கு மேலே வயரை உரசிப் பார்க்கவே கூடாது.

முள் நிறைவைத் தாண்டவில்லை. நிறைவுக் கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட்டது. எங்கோ வயரில் வேண்டாத தடை இருந்தது.

பச்சை பூத்த மூட்டு

எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனோம். தாங்கியிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகைக்கு அடியில் ஒரு மூட்டு. வெளியே நல்ல நீல நிற உறை. பிடித்து இழுத்ததும் உறை கையோடு வந்துவிட்டது. உள்ளே செப்பு நூல்கள் பச்சைத் தூளாக உதிர்ந்தன. ஏழெட்டு நூல்கள் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. உப்புத் தண்ணீரே படாத நன்னீர் ஏரிப் படகில் இந்த நிலை.

செம்பு பளபளவென்று தெரியும்வரை வயரை வெட்டி, வெள்ளீயம் பூசிய கடல்தர வயர் போட்டு, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை இறுகும் உறையால் மூடினோம். சோதனையைத் திரும்பச் செய்தோம். முள் நிறைவைத் தாண்டிப் போனது.

நான் அத்தோடு வேலை முடிந்தது என்று எழுந்தேன். நண்பன் விடவில்லை. சாவியை நிறுத்தி, சென்டரைத் தனியாக மல்ரிமீற்றரில் அளந்தான். 75 ஓம் காட்டியது. தாங்கியில் அப்போது சில லீற்றர் மட்டும்தான் இருந்தது. 240 ஓமுக்குக் கிட்ட இருக்க வேண்டியது 75-இல் சிக்கி நின்றது.

அதாவது இரண்டு பிழைகள். சிக்கிய சென்டர் 'அரைக்கு மேல்' என்றது. கெட்ட எர்த் அதைக் கொஞ்சம் கீழே இழுத்தது. இரண்டும் சேர்ந்து நம்பக்கூடிய ஒரு பொய்யை உண்டாக்கின. மூட்டை மட்டும் திருத்திவிட்டுப் போயிருந்தால் முள் இன்னும் கூடுதலாகக் காட்டியிருக்கும், ஆபத்தும் கூடியிருக்கும். ஒரு பிழை அகப்பட்டதும் தேடலை நிறுத்தாதீர்கள். மூன்று இடங்களையும் பார்த்து முடியுங்கள்.

சென்டரை மாற்றும்போது

பற்றரியைத் துண்டித்த பின்பே சென்டரைக் கழற்ற வேண்டும். ஐந்து திருகாணிகள் அதைப் பிடித்திருக்கும். சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் தாங்கிக்குள் விழும். வெளியே எடுத்ததும் துவாரத்தை மூடுங்கள். சென்டரைப் படகிலிருந்து தூரக் கொண்டுபோய்ச் சோதியுங்கள்.

என்னுடையது கை ஆடும் வகை. மிதவைக் கை திரும்பும் இடத்தில் பழைய பெற்றோல் பிசின் போல் தடித்திருந்தது. மெல்லிய கம்பி சுற்றிய பட்டையில், தொடுமுனை உரசி உரசி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து போட மனம் வரவில்லை.

புதிதாக 45 டொலருக்கு நிமிர்ந்த குழாய் வகை வாங்கினேன். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் காந்த மிதவை ஏறி இறங்கும். உள்ளே உள்ள சிறு ஆளிகள் படிப்படியாகத் தடையை மாற்றும். முள் வழுக்கிச் செல்லாமல் படி படியாக நகரும், அது பிழையல்ல. வாங்கும் முன் தாங்கியின் ஆழத்தை அளந்து, அதைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில் எடுக்க வேண்டும். பொருத்தும் முன் மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி மல்ரிமீற்றரில் பார்த்தோம். ஏறத்தாழ 240 முதல் 33 வரை ஒழுங்காகப் போனது. ஐந்து துவாரங்களும் சம இடைவெளியில் இல்லை, ஒரே ஒரு திசையில்தான் பொருந்தும். ரப்பர் வளையம் எதனோல் கலந்த பெற்றோலுக்கு ஏற்றதா என்று பாருங்கள். பூட்டி முடிந்ததும் தாங்கியை நிரப்பிக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். எஞ்சின் மூடிய அறைக்குள் இருக்கும் படகு என்றால், எஞ்சினைத் தொடங்கும் முன் குறைந்தது 4 நிமிடம் காற்றுறிஞ்சியை ஓட விடுங்கள்.

முள்ளை லீற்றராக மாற்றுங்கள்

திருத்தியாகிவிட்டது. ஆனாலும் முள் காட்டுவது மட்டத்தை மட்டுமே. படகின் வயிறு கீழே ஒடுங்குவதால் பல தாங்கிகளும் அப்படியே ஒடுங்கும். மட்டம் பாதியில் இருக்கும்போது பெற்றோல் பாதி இருக்காது.

அடுத்த முறை தாங்கி ஏறத்தாழ வெறுமையானபோது, படகைச் சமதரையில் நிறுத்திப் பத்துப் பத்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்தேன். கால் என்பது 18 லீற்றர். அரை என்பது 37. முக்கால் என்பது 62. அந்த எண்களைச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அரையிலிருந்து கீழே முள் எதிர்பார்த்ததைவிட விரைவாக விழும் என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடியில் உள்ள கடைசிச் சில லீற்றரை உறிஞ்சுகுழாய் எட்டாது, அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

முள்ளைப் பார்க்க வேண்டியது படகு நின்று, தண்ணீர் அடங்கிய பிறகு. ஓட்டத்தில் மூக்கு தூக்கியிருக்கும்போது பெற்றோல் பின்னுக்கு ஓடும். அப்போது முள் சொல்வது கணக்கல்ல.

ஊரில் பெரியப்பா வள்ளம் இறக்கும் முன் எண்ணெய்க் கானைத் தூக்கிப் பார்ப்பார். கையில் தெரிந்த கனத்தை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்வார். தாங்கி தரைக்கு அடியில் இருக்கும் எங்கள் படகில் அந்தக் கனம் கைக்குத் தெரியாது. அதற்கு ஈடாக நான் கொப்பி வைத்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் ஓடினேன், திரும்ப நிரப்பியபோது எத்தனை லீற்றர் பிடித்தது என்று எழுதுகிறேன். என் 115 குதிரைவலு எஞ்சின் நிதான ஓட்டத்தில் மணிக்கு 20 லீற்றர் அளவில் குடிக்கிறது. முழு வேகத்தில் அது இரட்டிப்பாகிறது.

படகோட்டிகளின் பழைய விதி ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மூன்றாம் பங்கு தொடாமல் வைக்க. எங்கள் வீட்டில் இப்போது அந்த விதிக்கு விலக்கு இல்லை.

மே மாதம் படகை ஏரியில் இறக்கும் முன், ஒரு துண்டு வயரும் ஒரு மல்ரிமீற்றரும் எடுத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மானியை மாற்றச் சொல்லிப் பணம் கொடுக்கும் முன் செய்யுங்கள். பிள்ளைகளை ஏற்றும் முன் கட்டாயம் செய்யுங்கள்.