காலி செய்தவரின் அட்வான்ஸ்

கேள்வி: வாடகை பாக்கிக்காக நீதிமன்ற உத்தரவின் பேரில் காலி செய்தவருக்கு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமா? 2023 வெள்ளத்தில் ஏற்பட்ட பழுதின் செலவை அதில் கழிக்கலாமா? (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: அட்வான்ஸ் வாடகைதாரரின் பணம். வெளியேற்ற உத்தரவு வந்ததாலேயே அது உரிமையாளருக்குச் சொந்தமாகிவிடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். வாடகை பாக்கியையும் கட்டாத மின்கட்டணத்தையும் கழிக்கலாம். வாடகை உரிமை முடிந்த பிறகும் வெளியேறாமல் இருந்த காலத்துக்கு இரு மடங்கு வாடகை கேட்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு.

தகராறு பெரும்பாலும் பழுதுபார்ப்பில்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்கிறது சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. ஆகவே, ‘பெயின்ட் செலவு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீரில் ஊறிய சுவருக்கு, குடியிருந்தவரிடம் பணம் பிடிப்பது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல.

இவ்வூரில் வீடு பெரும்பாலும் பெண்மக்கள் பெயரில் இருக்கும். வாடகை வாங்குபவர் உறவினராக இருப்பார், குடும்பம் வெளிநாட்டில் இருக்கும். யார் கையில் வாங்கியிருந்தாலும், உரிமையாளர் சார்பில் பெற்ற அட்வான்ஸுக்கு உரிமையாளரே பொறுப்பு. பதிவு பெற்ற வக்ஃபுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஒப்பந்தமும் பொருந்தும் பிற சட்டங்களும் வழிகாட்டும்.

சாவியை ஒப்படைக்கும் நாளில் மின்மீட்டர் அளவையும் வீட்டின் நிலையையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியேற்ற வழக்கு நடக்கும்போதே, அட்வான்ஸைக் கணக்கில் சேர்க்கும்படி வாடகைதாரர் தம் எதிருரையில் கேட்பது நல்லது. உரிமையியல் நீதிமன்றத்தில் பணத்துக்காக வழக்குத் தொடுக்க வேண்டி வந்தால், அதற்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு.