கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் நுரையீரலுக்கும் வருமா?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோய். இப்போது நுரையீரலிலும் இருக்கிறதாம். இது இன்னொரு நோயா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: இல்லை, இது அதே நோய்தான். கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து பிரிந்த கலங்கள் நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் பயணித்து நுரையீரல், ஈரல், எலும்பு ஆகியவற்றில் குடியேறுகின்றன. அங்கே வளர்ந்தாலும் அவை கர்ப்பப்பைக் கழுத்தின் கலங்களே. அதனால் மருந்தும் அந்த நோய்க்கு உரியதாகவே இருக்கும்.

இப்படிப் பரவிய நோயை நான்காம் நிலை என்பார்கள். அதைக் கேட்டதும் சிகிச்சையைக் கைவிடும் குடும்பங்கள் உண்டு. அது வேண்டாம். மருந்தேற்றல் நோயைப் பல மாதங்கள் அடக்கலாம். எலும்பு வலிக்குக் கதிர்ச்சிகிச்சை நல்ல ஆறுதல் தரும்.

வன்னிக்கு அருகில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதி அதற்காகவே. விடாத இருமல், மூச்சு வாங்கல், முதுகு வலி இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அம்மாவைக் கூட்டிச் செல்லுங்கள்.

உங்களுக்கு 35 வயதாகியிருந்தால், இந்நோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் பாப் பரிசோதனை பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இந்நோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகிறது.