ஓப்பானா ரேடார்

கேள்வி: பேர்ல் ஹார்பர் தாக்குதலை ரேடார் முன்கூட்டியே காட்டியும் கோட்டை விட்டார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஹவாயின் ஓவாஹு தீவில், வடமுனையில் ஓப்பானா. லாரியில் ஏற்றிப் போகும் ரேடாரை 1941 நவம்பர் கடைசியில்தான் அங்கே நிறுத்தினார்கள். டிசம்பர் 7, ஞாயிறு. லாக்கார்ட், எலியட் என்ற இரு சிப்பாய்களின் பணி காலை 7 மணியோடு முடிந்தது. சாப்பாட்டு வண்டி வரத் தாமதம். சும்மா இருப்பானேன் என்று எலியட் ரேடாரை இயக்கிப் பழகிக்கொண்டிருந்தார். 7.02-க்குத் திரையில் பெரிய மேடு. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று லாக்கார்டுக்கே சந்தேகம். 130 மைலுக்கு அப்பால் பெரும் விமானக் கூட்டம்!

தகவல் மையத்துக்குப் போன் போட்டார்கள். ரேடார் தகவலை அங்கே வரைபடத்தில் குறிப்பவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். இருந்த அதிகாரி கெர்மிட் டைலருக்கு அந்த வேலையே புதிது. இரவெல்லாம் ஹவாய் வானொலி பாடினால் கலிபோர்னியாவிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் வருகின்றன என்று அர்த்தம். வழிதேட அந்த அலை உதவும். அன்று காரில் வரும்போது பாட்டுக் கேட்டிருந்தார். ‘நம்ம ஆட்கள்தான்’ என்று விட்டுவிட்டார். உண்மையிலேயே பி-17கள் வந்துகொண்டுதான் இருந்தன! 7.55-க்கு ஜப்பான் குண்டுகள் விழுந்தன.

நம் விமானமா, எதிரியா என்று பிரித்தறிய அங்கே ஏற்பாடே இல்லை. அப்புறம் டைலரை மட்டும் திட்டி என்ன பயன்? விசாரணைகளுக்குப் பின்னும் அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.