பெட்டியில் 4, உள்ளே 2

"கிராஃபிக்ஸ் கார்டு எது நல்லது?" என்று நம்ம வகுப்பில் யாரைக் கேட்டாலும், "அதுல எத்தனை ஜி.பி. இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பினால் வீட்டில் கொடுத்த காசு எப்படி வீணாகும் என்பதற்கு 2002-ல் வந்த இரண்டு கார்டுகள் நல்ல உதாரணம். பழைய கார்டுகள்தான். ஆனால் அவற்றின் கணக்கு சின்னது, பேப்பரும் பேனாவும் போதும். அதனால்தான் இவற்றை எடுத்தேன்.

இரண்டு கார்டின் சிப்பையும் வடிவமைத்தது அமெரிக்காவின் என்விடியா நிறுவனம். முதலாவது ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440. 2002 பிப்ரவரியில் அறிவித்தார்கள், விலை சுமார் 149 டாலர். அடுத்தது ஜீஃபோர்ஸ்4 டிஐ 4200. அதே வருடம் ஏப்ரலில் வந்தது, 128 எம்.பி. உள்ள கார்டு சுமார் 199 டாலர். பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இந்தக் கார்டு என்னதான் செய்கிறது? 1024க்கு 768 அளவுள்ள திரையில் 7,86,432 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிட வேண்டும். படம் அசைய, அதை ஒரு செகண்டுக்கு 60 தடவை திரும்பச் செய்ய வேண்டும். அதாவது செகண்டுக்கு 4 கோடியே 72 லட்சம் புள்ளிகள்! சுவருக்கு முன்னால் மரம், மரத்துக்கு முன்னால் ஆள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரையும்போது இது பல மடங்காகும்.

சரி, வேகத்துக்கு வருவோம். எம்எக்ஸ் 440-இன் சிப் 270 மெகாஹெர்ட்ஸ். டிஐ 4200-இன் சிப் 250 மெகாஹெர்ட்ஸ்தான். "அப்போ விலை குறைஞ்ச கார்டுதானே வேகம்?" என்று தோன்றும். இல்லை. ஒரு ஹோட்டலில் இரண்டு பரோட்டா மாஸ்டர்கள். கை கொஞ்சம் வேகம். பக்கத்துக் கடையில் நாலு மாஸ்டர்கள். கை கொஞ்சம் மெதுவு. எந்தக் கடையில் பரோட்டா சீக்கிரம் வரும்? சிப்புக்குள் புள்ளிகளைத் தீட்டும் வரிசைக்கு பைப்லைன் என்று பெயர். எம்எக்ஸ் 440-ல் அது 2, டிஐ 4200-ல் 4. 270 × 2 = 540, அதாவது செகண்டுக்கு 54 கோடி புள்ளிகள். 250 × 4 = 1000, அதாவது 100 கோடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இவை காகிதத்தில் வரும் உச்ச அளவுகள், விளையாடும்போது இவ்வளவு வராது. ஆனாலும் யார் முன்னே என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்து மெமரி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மொட்டைமாடி டேங்க் எவ்வளவு பெரிசு என்பது எம்.பி. கணக்கு. குழாயில் தண்ணி எவ்வளவு வேகமாக வருகிறது என்பது வேறு கணக்கு. குளிக்கும்போது நமக்கு முக்கியம் குழாய்தானே! இரண்டு கார்டிலும் குழாயின் அகலம் 128 பிட், அதாவது 16 பைட். எம்எக்ஸ் 440-இன் மெமரி 200 மெகாஹெர்ட்ஸ். டி.டி.ஆர். வகை என்பதால் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு தடவை தரும், ஆகவே 400. 400 × 16 = 6400, அதாவது செகண்டுக்கு 6.4 ஜி.பி.

டிஐ 4200 இரண்டு விதமாக வந்தது. 128 எம்.பி. கார்டில் மெமரி 222 மெகாஹெர்ட்ஸ். அதே மாதிரி பெருக்கினால் செகண்டுக்கு 7.1 ஜி.பி. 64 எம்.பி. கார்டில் 250 மெகாஹெர்ட்ஸ், செகண்டுக்கு 8 ஜி.பி. நன்றாகப் பாருங்கள், சின்ன டேங்க் வைத்த கார்டுக்குத்தான் வேகமான குழாய்! கேமின் படங்கள் 64 எம்.பி.க்குள் அடங்காதபோது மட்டும் 128 கை கொடுக்கும். மற்றபடி "இரட்டை மெமரி" என்று கூடுதல் காசு கொடுத்தவர் வேகம் குறைந்ததை வாங்கியிருப்பார்.

இதுவரை சொன்னது எல்லாம் கூட, குறைச்சல் வித்தியாசம். பெரிய வித்தியாசம் எண்ணிலேயே தெரியாது. அதற்கு வாசலில் போடும் கோலத்தைப் பார்க்கணும். கோல அச்சு ஒன்று வைத்திருந்தால் அதில் உள்ள டிசைன் மட்டும்தான் விழும். எத்தனை வேகமாக உருட்டினாலும் அதே டிசைன். கையால் போடத் தெரிந்தவர் நினைத்ததைப் போடுவார். எம்எக்ஸ் 440 அச்சு மாதிரி. ஒளியும் நிறமும் சேர வேண்டிய முறைகள் சிப்பிலேயே பதிந்திருக்கும். டிஐ 4200-ல் கேம் எழுதுகிறவரே ஒவ்வொரு புள்ளிக்கும் சின்ன புரோகிராம் எழுதலாம். இதற்கு பிக்சல் ஷேடர் என்று பெயர். தண்ணீரில் வானம் நெளிவது, ஈரத் தரை மினுமினுப்பது எல்லாம் இதன் வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2001-ல் வந்த ஜீஃபோர்ஸ்3-லேயே இந்த வசதி இருந்தது. பிறகு வந்த "4" எம்எக்ஸில் இல்லை! ஏனென்றால் அது உண்மையில் 2000-ல் வந்த ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ் வம்சம். உள்ளே கொஞ்சம் சீர்திருத்தி, மேலே 4 என்று எழுதிவிட்டார்கள். டூம் கேமை உருவாக்கிய ஜான் கார்மாக் 2002 பிப்ரவரியிலேயே இந்தப் பெயர் வைத்த முறையை வெளிப்படையாகக் குறை சொன்னார், டூம் ஆட நினைப்பவர்கள் எம்எக்ஸை வாங்க வேண்டாம் என்றும் எழுதினார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2003-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் கேமுக்கு ஜீஃபோர்ஸ்3 போதும், ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் ஆகாது. 3 வைத்திருந்தவன் விளையாடினான், 4 வைத்திருந்தவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 2004-ல் வந்த டூம் 3-உம் ஹாஃப் லைஃப் 2-உம் எம்எக்ஸில் ஓடின, ஆனால் பல அழகுகளை விட்டுவிட்டுத்தான் ஓடின.

எம்எக்ஸ் 440 குப்பை என்று நான் சொல்லவில்லை. டி.வி.டி. படம் காட்டுவதில் அதன் சிப்பில் டிஐ-யில் இல்லாத தனிப் பகுதியே இருந்தது. இரண்டு மானிட்டர் இணைக்கலாம், பழைய கேம்கள் நன்றாக ஓடும். அதை ஜீஃபோர்ஸ்2 என்ற பேரிலேயே விற்றிருந்தால் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது.

"இதெல்லாம் அந்தக் காலம்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2017-ல் ஜீஃபோர்ஸ் ஜிடி 1030 என்று ஒரு கார்டு வந்தது. 2018-ல் அதே பெயரில், அதே 2 ஜி.பி.யோடு இன்னொன்று வந்தது. இரண்டிலும் குழாய் 64 பிட், அதாவது 8 பைட். முதல் கார்டின் மெமரி ஜி.டி.டி.ஆர்.5 வகை, குழாயின் ஒவ்வொரு இழையிலும் செகண்டுக்கு 600 கோடி பிட் வரும். பின்னால் வந்தது டி.டி.ஆர்.4 வகை, அதில் 210 கோடி. எட்டால் பெருக்கி, எது எத்தனை ஜி.பி. என்று பென்சிலால் கீழே உள்ள கட்டத்தில் எழுதுங்கள். பெயரோடு வகுப்பையும் எழுதவும்.